டெனர் சாக்ஸ்: யார் ஊதுகிறார் என்று காதாலேயே கண்டுபிடிப்பது எப்படி?

குழலோன்:
விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். ஜாஸில் டெனர் சாக்ஸபோன் ஊதியவர்களில் ஹாக்கின்ஸ் என்றால் கனம், லெஸ்டர் யங் என்றால் லேசு, கோல்ட்ரேன் என்றால் வேகம் என்று போகிற இடமெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். வேகமாக வாசிக்கிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்களே, அதில் கோல்ட்ரேனை எதை வைத்துப் பிரிப்பது? பெயரைப் பார்க்காமல் கேட்டால் நான்கில் மூன்று தடவை எனக்குத் தப்பாகிறது.

இன்னொன்று. கோல்ட்ரேன் ஒலி வேண்டுமென்றால் ஆட்டோ லிங்க் கம்பெனியின் மெட்டல் மவுத்பீஸ் (வாயில் வைத்து ஊதும் முனை) வாங்கு என்கிறார்கள். விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. இப்போது இருப்பது டெனரோடு கூடவே வந்த பிளாஸ்டிக் மவுத்பீஸ், இரண்டரை நம்பர் ரீட் (அதில் கட்டும் நாணல் பட்டை; நம்பர் ஏற ஏறக் கெட்டி). மாற்றினால் அந்த ஒலி வருமா?

சீவாளி:
கனம், லேசு எல்லாம் கேட்டு முடித்த பிறகு சொல்கிற வார்த்தைகள். கேட்கும்போது பிடித்துக்கொள்ள மூன்று இடம் இருக்கிறது.

ஒன்று, சுரம் எப்படித் தொடங்குகிறது: நாக்கு அடித்துத் தொடங்குகிறதா, காற்று முதலில் வந்து ஒலி பின்னால் வருகிறதா. இரண்டு, விப்ரேட்டோ, அதாவது சுரத்தின் ஆட்டம், எங்கே வருகிறது: சுரம் பிறந்ததிலிருந்தே ஆடுகிறதா, நேராக நின்று வால் பகுதியில் மட்டும் ஆடுகிறதா, ஆடவே இல்லையா. மூன்று, தாளத்துக்கு எந்தப் பக்கம் நிற்கிறார்: அடியின் மேலேயா, கொஞ்சம் பின்தங்கியா. இந்த மூன்றையும் கவனித்தால் முக்கால்வாசிப் பேரைப் பத்து நொடியில் பிடித்துவிடலாம்.

இதற்கென்றே செய்தது மாதிரி ஒரு பதிவு இருக்கிறது. 1957 டிசம்பர் 8 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியில் நேரலையாகப் போன 'தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்'. அதில் பில்லி ஹாலிடே பாடும் 'ஃபைன் அண்ட் மெல்லோ'. பன்னிரண்டு அளவு (ஆவர்த்தனம் மாதிரி) கொண்ட ப்ளூஸ்; அது முழுக்க ஒரு தடவை போனால் ஒரு சுற்று. பென் வெப்ஸ்டர், லெஸ்டர் யங், கோல்மன் ஹாக்கின்ஸ் மூன்று பேருமே ஆளுக்கு ஒரு சுற்று டெனர் வாசிக்கிறார்கள். அதே அறை, அதே பாட்டு, அதே காலப்பிரமாணம். ஒலிப்பதிவு வித்தியாசம் என்ற சாக்குக்கே இடமில்லை.

முதலில் வெப்ஸ்டர்: சுரத்துக்கு முன்னாலேயே காற்று கேட்கும், சுரம் முடிந்த பிறகும் காற்று கேட்கும். அடுத்து லெஸ்டர்: ஒரு சுற்றில் வாசித்த சுரங்களை எண்ணிவிடலாம், அவ்வளவு குறைவு. ஒவ்வொன்றும் அடிக்குச் சற்றுப் பின்னால் வந்து உட்காரும். ஹாக்கின்ஸ் பின்னால்தான் வருவார். வந்ததும் சுரங்கள் நெருங்கிவிடும், ஒவ்வொரு கார்டையும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) உடைத்து உள்ளே இருப்பதைக் காட்டுவார், விப்ரேட்டோ கனமாக ஆடும். படத்தை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் நாலு தடவை கேளுங்கள்.

பித்தளைவாயன்:
சீவாளி அண்ணன் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் கருவியே முக்கியமில்லை என்ற முடிவுக்குப் போய்விட வேண்டாம். மவுத்பீஸ் நுனிக்கும் ரீடுக்கும் நடுவில் இருக்கும் வாய்த்திறப்புதான் காற்று எவ்வளவு வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆட்டோ லிங்க் டெனர் அளவுகள்: 5 நட்சத்திரம் என்றால் 0.085 அங்குலம், அதாவது 2.16 மி.மீ. 7 நட்சத்திரம் 0.105 அங்குலம், கிட்டத்தட்ட 2.67 மி.மீ. இந்த அரை மி.மீ. வித்தியாசத்தில் இரண்டும் வேறு வேறு கருவி மாதிரி ஆகிவிடும்.

திறப்பு அதிகமானால் ரீட் மெலிதாக வேண்டும், இல்லாவிட்டால் ஊதவே முடியாது. திறப்பு குறைந்தால் கெட்டி ரீட் போடலாம். உள்ளறை பெரிதாக இருந்தால் ஒலி உருண்டு வரும். உள்ளறைக்கு முன்னால் மேடு வைத்திருந்தால் கூர்மையாக, சத்தமாக வரும். ராக் பாட்டில் எலக்ட்ரிக் கிடாரை மீறிக் கேட்க வேண்டியவர்கள் மேடு வைத்ததை வாங்குவது அதனால்தான். இதெல்லாம் இயற்பியல், ரசனை இல்லை.

சீவாளி:
சரி, உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கோல்ட்ரேன் டெனருக்கு மெட்டல் லிங்க் 5 நட்சத்திரம், கெட்டி ரீட் என்றுதான் பரவலாகச் சொல்கிறார்கள். அது இன்றைய ஜாஸ்காரர்கள் கண்ணில் சின்னத் திறப்பு. அவர் ஒலியைத் தேடி வருகிறவர் கடையில் வாங்குவது 7 நட்சத்திரம் அல்லது 8, கூடவே ஊத வரவில்லை என்று இரண்டு நம்பர் ரீட். அதில் கோல்ட்ரேன் வருவதில்லை. மேல் ஸ்தாயியில் கீச்சென்று ஒரு ஒலியும், சுதி இறங்கித் தொங்குகிற சுரமும்தான் வருகிறது. மெலிந்த ரீட் உச்சியில் தாக்குப்பிடிக்காது, அதை ஈடுகட்டக் கீழுதட்டால் கடிப்பார்கள், கடித்தால் ரீட் மூடிக்கொள்ளும்.

கருவி எவ்வளவு தூரம் ஆளைத் தீர்மானிக்கும் என்பதற்கு ஆல்டோவில் (டெனரைவிடச் சின்ன சாக்ஸ்) ஒரு நேர்ப் பரிசோதனையே நடந்திருக்கிறது. கிராஃப்டன் என்று இங்கிலாந்தில் செய்த வெள்ளை பிளாஸ்டிக் ஆல்டோ. 1953 மே 15 டொராண்டோ மேஸி ஹாலில் சார்லி பார்க்கர் வாசித்தது அதுதான். 1959-ல் ஆர்நெட் கோல்மன் 'தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்' பதிவில் வாசித்ததும் அதே தயாரிப்புதான். இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள். பார்க்கர் பித்தளையில் ஊதினால் எப்படி இருப்பாரோ அப்படியே இருக்கிறார். சுரவரிசை எங்கே உச்சிக்குப் போகிறதோ அங்கே ஒரு அழுத்தம், மற்ற சுரங்கள் பாதி விழுங்கியது மாதிரி. ஆர்நெட்டோ வாய்ப்பாட்டு மாதிரி சுதியையே வளைத்து அழுகிறார். பிளாஸ்டிக் இருவருக்கும் ஒன்றுதான்.

பித்தளைவாயன்:
பிளாஸ்டிக் உடம்பு ஒன்று, மவுத்பீஸ் ஒன்று இல்லையே அண்ணே. உடம்பு எதில் செய்தது என்பது ஒலியை அதிகம் மாற்றாது என்பதற்கு வேண்டுமானால் அது சாட்சி. மவுத்பீஸுக்கு இல்லை.

சீவாளி:
நியாயம். உடம்போடு நிறுத்திக்கொள்கிறேன்.

மத்திமகாலம்:
குழலோன், ஒரே பாட்டைப் பலர் வாசித்ததை வைத்துக் கேட்பதுதான் சரியான வழி. 'பாடி அண்ட் சோல்' எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பதிவு போதும்.

ஹாக்கின்ஸ், 1939 அக்டோபர் 11, நியூயார்க். ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் குழுவில் பத்து வருஷத்துக்கு மேல் இருந்து, 1934-ல் ஐரோப்பா போய், திரும்பி வந்த சில மாதங்களில் செய்த பதிவு. டி ஃப்ளாட் மேஜர். 32 அளவு கொண்ட பாட்டு, இரண்டு சுற்று, மொத்தம் மூன்று நிமிடம். முதல் சில அளவுகளில் மெட்டை லேசாகத் தொட்டுக் காட்டுவார். அதன்பின் மெட்டு திரும்பி வரவே வராது. அவர் நடப்பது கார்டின் படிகளில் மட்டும்: ஒரு கார்டு வந்தால் அதன் சுரங்களைக் கீழிருந்து மேலாக விரிப்பார், அடுத்த கார்டுக்குப் போக நடுவில் தானாக ஒரு இணைப்புக் கார்டைச் செருகுவார். முதல் சுற்று தாழ்ந்த குரலில், கிட்டத்தட்டப் பேச்சு மாதிரி. இரண்டாவது சுற்றில் ஒலியளவு படிப்படியாக ஏறி உச்சியைத் தொட்டுவிடும். மெட்டே இல்லாத ஒரு பதிவு கடைத்தெருவில் அப்படி விற்றது இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

லெஸ்டர், 1942, லாஸ் ஏஞ்சலஸ். பியானோ நாட் கிங் கோல், பேஸ் ரெட் காலெண்டர், டிரம்ஸ் கிடையாது. இங்கே கார்டு மாறுவதைப் பற்றி லெஸ்டர் அலட்டிக்கொள்வதே இல்லை. இரண்டு மூன்று கார்டுக்கும் பொதுவாக ஒத்துப்போகிற சுரங்களைப் பிடித்துக்கொண்டு அதன் மேலேயே ஒரு நீண்ட வாக்கியம் சொல்லிவிடுவார். ஆறாவது, ஒன்பதாவது சுரங்களில் போய் நிற்பது அவருக்குப் பிடித்தமான இடம். அதனால்தான் எங்கோ மிதக்கிற மாதிரித் தோன்றும்.

கோல்ட்ரேன், 1960 அக்டோபர். வெளிவந்தது 1964-ல் 'கோல்ட்ரேன்ஸ் சவுண்ட்' தொகுப்பில். அடிப்பகுதியில் பேஸ் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்க, மேலே கார்டுகள் நகரும். நடுப்பகுதிக்கு வந்ததும் அசல் கார்டுகளை எடுத்துவிட்டு மூன்று ஷட்ஜங்களுக்குள் தாவுகிற அவருடைய சொந்த வரிசையைப் போட்டுவிடுவார். ஒலி நேராக, ஆடாமல், மேல் ஸ்தாயியில் கத்தி முனை மாதிரி.

ஒரு எச்சரிக்கை: 1930-களின் பதிவில் 5,000, 6,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றும் தேறாது. லெஸ்டர் ஒலியில் இருந்த காற்று அதில் பாதிதான் வந்திருக்கும். அதைக் கேட்டுவிட்டு 'வெற்று ஒலி' என்று முடிவு கட்டக் கூடாது.

குழலோன்:
மூன்றையும் கேட்டேன், இப்போது கொஞ்சம் பிடிபடுகிறது. லெஸ்டர் பற்றி ஒரு சின்னக் கேள்வி. கவுண்ட் பேஸியின் ஜாஸ் குழுவோடு செய்த பதிவுகளில் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார், ஆனால் ஒவ்வொரு தடவையும் 'வா-வூ' என்று நிறம் மாறுகிறது. வாயை ஏதாவது செய்கிறாரா?

சீவாளி:
வாய் இல்லை, விரல். மாற்று விரலமைப்பு. ஒரே சுரத்தை இரண்டு வழியில் எடுக்கிறார்.

செய்து பாருங்கள். நடு சி-க்கு வழக்கமாக இடது நடுவிரல் ஒன்று போதும். ஒலி திறந்து பளிச்சென்று வரும். இப்போது அடி சி-க்கு (கீழ் ஸ்தாயி சி) உரிய எல்லா விரலையும் மூடி, ஆக்டேவ் கீயையும் (சுரத்தை ஒரு ஸ்தாயி ஏற்றும் பொத்தான்) அழுத்தி அதே நடு சி-யை எடுங்கள். சுரம் அதேதான், ஆனால் காற்று முழுக் குழாயையும் கடந்து வருவதால் ஒலி அடைத்த மாதிரி மங்கலாக இருக்கும். இரண்டையும் மாற்றி மாற்றி எட்டு எட்டாக வாசித்தால் நீங்கள் கேட்ட 'வா-வூ' வந்துவிடும். மூடிய விரலமைப்பில் சுதி கொஞ்சம் நகரும். தாடையால் சரிசெய்யப் போகாதீர்கள், அந்த நகர்வும் விளையாட்டின் பகுதிதான்.

தப்பாகிற இடம்: மூடிய சி எடுக்கும்போது ஒலி சறுக்கி அடி சி-க்கு விழும். காற்றின் வேகம் குறைந்தால் அப்படித்தான். தொண்டையை 'ஈ' சொல்வது போல வைத்தால் மேலேயே நிற்கும். பிற்காலத்தில் டெனர்காரர் மைக்கேல் பிரெக்கர் இந்த உத்தியை மிக வேகமான காலத்தில் தொழிலாகவே வைத்துக்கொண்டார்.

ரீடுக்காரி:
வெப்ஸ்டர் ஒலி வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம், அதனால் சப்டோன், அதாவது காற்று கலந்த அந்த மெல்லிய ஒலி, பற்றி விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் அவர் எப்போது எதைச் செய்கிறார் என்று தெரிய வேண்டும். 1940-ல் டியூக் எலிங்டனின் ஜாஸ் குழுவில் 'காட்டன் டெயில்' சோலோவைக் கேட்டால் அவரே உறுமுகிறார், நாக்கு பலமாக அடிக்கிறது. அவரேதான் மெதுவான பாட்டில் காற்றாகக் கரைகிறார். உறுமல் என்பது ஊதிக்கொண்டே தொண்டையில் ஒரு குரல் கொடுப்பது. குரலும் சுரமும் மோதுவதால் ஒலி கரகரக்கும். கிங் கர்டிஸ் போன்ற ராக் அண்ட் ரோல் டெனர்காரர்கள் பிழைத்ததே இதில்தான்.

சப்டோன் இதற்கு நேர் எதிர். அடி ஜி-யிலிருந்து கீழே பி ஃப்ளாட் வரை உள்ள சுரங்களில்தான் இது அழகு. தாடையைக் கீழே விடுங்கள், கூடவே சற்றுப் பின்னால் இழுங்கள். கீழுதடு ரீடின் மேல் தளர்வாக, நுனியை நோக்கிப் படிந்திருக்க வேண்டும். உதடு ரீடின் அதிர்வில் பாதியை உறிஞ்சிக்கொள்ளும், அதுதான் ரகசியம். காற்று மட்டும் குறையவே கூடாது. பலரும் மெதுவாக வர வேண்டும் என்று காற்றைக் குறைக்கிறார்கள், சுரம் செத்துப்போகிறது. நாக்கு வேண்டாம், 'ஹூ' என்று தொடங்குங்கள். முடிக்கும்போது ஒலி நின்ற பிறகும் ஒரு கணம் காற்றை ஓட விடுங்கள். வெப்ஸ்டரின் அந்த வால் அதுதான். விப்ரேட்டோவைக் கடைசி அரைப்பகுதியில் மட்டும் சேருங்கள்.

இவ்வளவும் செய்து அடி சுரம் களகளவென்று நடுங்கினால், அல்லது சட்டென்று ஒரு ஸ்தாயி மேலே குதித்தால், உதட்டைப் பழிக்காதீர்கள். பெரும்பாலும் எங்கோ காற்று கசிகிறது. முதல் சந்தேகம் ஜி ஷார்ப் பேட் (துளையை மூடும் தோல் வட்டு) மேல். வலது கைக் கீகளின் மேல்பக்கம் ஒரு சின்ன நாக்கு போல நீட்டிக்கொண்டு, அதில் ஒரு திருகு இருக்கும். வலது விரல் அழுத்தும்போது ஜி ஷார்ப் பேடை அமுக்கிப் பிடிப்பது அதன் வேலை. திருகு தளர்ந்திருந்தால் அடி சுரங்கள் எல்லாமே பாழ். சோதனை எளிது: அடி எஃப் பிடித்துக்கொண்டு இடது சுண்டுவிரலால் ஜி ஷார்ப் கீயை அழுத்துங்கள். பேட் எழுந்தால் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்குங்கள். ரொம்ப இறுக்கினால் ஜி ஷார்ப் மூடும், ஆனால் எஃப் பேட் முழுசாக மூடாது. புதிய கசிவு ஆரம்பம்.

அதே பேட் எச்சில் ஈரத்தில் ஒட்டிக்கொள்வதும் வழக்கம். மெல்லிய காகிதத்தை நடுவில் வைத்துப் பேடை மூடித் திறந்து ஈரத்தை எடுங்கள். மூடி வைத்துக்கொண்டே காகிதத்தை இழுத்தால் தோல் கிழியும்.

பேக்பீட் பரணி:
கோல்ட்ரேன் பக்கம் வருவோமா? எல்லாரும் வேகம் வேகம் என்கிறார்கள். 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' என்ன செய்கிறது என்று பார்த்தால், அது நம்ம ஊர் கிரகபேதம்தானே? ஷட்ஜத்தை மாற்றிக்கொண்டே போகிறார், அவ்வளவுதான்.

மத்திமகாலம்:
இல்லை பரணி, இந்த ஒப்பீடு அடிக்கடி வருகிறது, இரண்டும் வேறு. கிரகபேதத்தில் சுர இடங்கள் மாறாது, ஷட்ஜம் என்று எதை நினைக்கிறோம் என்பது மாறும். மோகனத்தின் காந்தாரத்தை ஷட்ஜமாக வைத்தால் ஹிந்தோளம், ரிஷபத்தை வைத்தால் மத்யமாவதி. வாசிக்கிற கட்டைகள் அதே ஐந்துதான், ராகம் மாறுகிறது.

'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' தலைகீழ். ஷட்ஜமே இடம்பெயர்கிறது, ஆனால் வடிவம் அதே வடிவம். பி, ஜி, ஈ ஃப்ளாட் என்று மூன்று ஷட்ஜங்கள். ஒரு ஸ்தாயியை மூன்று சம பங்காகப் பிரித்தால் கிடைப்பவை. முதல் ஷட்ஜத்திலிருந்து பார்த்தால் மற்ற இரண்டும் சுத்த தைவதத்திலும் அந்தர காந்தாரத்திலும் விழும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அங்கே தள்ளிவிடுகிற ஒரு ஏழாம் கார்டு. பாடுகிறவர் ஒரே வரிக்குள் நாலைந்து தடவை சுதிப்பெட்டியை மாற்றிக்கொண்டே போவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

16 அளவு, 26 கார்டு. நிமிடத்துக்கு 280-ஐத் தாண்டிய அடி. கார்டு அடர்த்தியாக வரும் இடங்களில் ஒரு கார்டுக்கு இரண்டே அடி, அதாவது அரை நொடிக்கும் குறைவு. அதற்குள் நாலு சுரம்தான் அடங்கும். அதனால் கோல்ட்ரேன் பல இடங்களில் வைப்பது ஒரே அச்சு: ஸ ரி க ப. ரி சதுச்ருதி, க அந்தரம். பி-யில் ஸரிகப, டி-யில் ஸரிகப, ஜி-யில் ஸரிகப, பி ஃப்ளாட்டில் ஸரிகப. எழுதிப் பார்த்தால் சின்னப் பிள்ளை வரிசை மாதிரி இருக்கும். அந்த வேகத்தில் தடுக்கி விழாமல் சொல்வதுதான் கஷ்டம். 1959 மே மாதப் பதிவில் பியானோ வாசித்த டாமி ஃப்ளானகன் சோலோவில் திணறி, துண்டு துண்டாக நிறுத்துவது காதுக்கே கேட்கும். அவர் சாமானியர் இல்லை. இந்தப் பாதையில் அதுவரை யாரும் ஓடியதில்லை.

பழகுவதானால் 60 அடியில் தொடங்குங்கள், ஷட்ஜங்களை மட்டும் வாசித்து. பிறகு ஸ-ப. பிறகு நாலு சுரம். விரல் ஓடுகிறது, காதுக்கு ஷட்ஜம் கேட்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு வாயால் பாடுங்கள்.

பேக்பீட் பரணி:
ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் கோல்ட்ரேனைப் பற்றிச் சொல்கிற அந்த 'ஒலிப் படலம்' (ஷீட்ஸ் ஆஃப் சவுண்ட்) என்கிற பேச்சு இதைத்தானா?

மத்திமகாலம்:
அது இதற்கு முந்தைய கட்டம். 1958-ல் ஐரா கிட்லர் என்ற விமர்சகர் வைத்த பெயர். ஒரு கார்டின் மேல் மூன்று நான்கு கார்டுகளை அடுக்கி, எல்லாவற்றின் சுரங்களையும் அந்தக் கார்டு தீர்வதற்குள் சொல்லிவிடப் பார்க்கிறார். இடம் போதாததால் சுரங்கள் ஐந்தாகவும் ஏழாகவும் கொத்தாக விழுகின்றன. நம் கண்ட நடை, மிஸ்ர நடை மாதிரி கணக்குப் போட்டு விழுவதில்லை; சொல்ல வேண்டியது அவ்வளவு, அடி வருவதற்குள் எப்படியாவது சொல்லிவிடுவது. 1960 வாக்கில் இதுவும் குறைந்து, 'மை ஃபேவரிட் திங்ஸ்' சோப்ரானோ சாக்ஸில் ஒரே ஷட்ஜத்தில் நிமிடக்கணக்கில் சுற்றுகிறார். கோல்ட்ரேன் என்று ஒரே ஒரு பாணி கிடையாது. ஆண்டைக் கேட்காமல் பேசக் கூடாது.

ஆனால் நான் சொன்ன இந்தக் கட்டங்கள் எல்லாவற்றிலும் ஒன்று மாறாது: நீண்ட சுரத்தில் விப்ரேட்டோ கிட்டத்தட்ட இல்லை. குழலோன் கேட்டதற்கு அதுதான் பதில்.

சீவாளி:
சோனி ரோலின்ஸை விட்டுவிட்டீர்களே. கோல்ட்ரேன் சுரத்தை அடுக்குகிறவர் என்றால் ரோலின்ஸ் ஒரு சின்னத் துண்டை எடுத்து அதையே திருப்பி, நீட்டி, அறுத்து, இரண்டு நிமிடம் கழித்து எதிர்பாராத இடத்தில் கொண்டுவந்து வைக்கிறவர். 1956-ன் 'ப்ளூ செவன்' கேளுங்கள். நிரவல் பழகிய காதுக்கு உடனே ஒட்டும். நாக்கு தடிமனாக அடிக்கும், நடுவில் வேண்டுமென்றே அசிங்கமாக ஒரு அடி சுரம். 1957-ல் பியானோவையே எடுத்துவிட்டு பேஸ், டிரம்ஸ் மட்டும் வைத்து வாசித்தார். கார்டை யாரும் கட்டாயப்படுத்தாததால் எங்கே வேண்டுமானாலும் திரும்ப முடிந்தது. என் கணக்கில் பெரிய ஆள் இவர்தான். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

கம்பிதம்:
சண்டைக்கு வரவில்லை, ஆல்டோவைப் பற்றி யாரும் பேசவில்லையே என்றுதான் வந்தேன்.

இரண்டு எதிர்த் துருவம். ஜானி ஹாட்ஜஸ், எலிங்டன் குழு: ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவவே மாட்டார், வழுக்கிக்கொண்டு ஜாருவில்தான் போவார். பால் டெஸ்மண்ட்: ஒலி வறண்டு, மெலிந்து, உதட்டோரச் சிரிப்போடு. 'டேக் ஃபைவ்' 1959, ஐந்து அடி தாளம், மூன்றும் இரண்டுமாகப் பிரிந்தது. ஆல்டோவில் எடுக்க நினைக்கிறவர்கள் பயப்பட வேண்டாம். கேட்கும் சுரம் ஈ ஃப்ளாட் மைனர், ஆல்டோ விரலில் அது சி மைனர்தான்.

ஹாட்ஜஸை ஏன் சொன்னேன் என்றால், ஆல்டோவில் கர்நாடக சங்கீதம் வாசித்த கத்ரி கோபால்நாத் செய்த காரியத்துக்குப் பக்கத்தில் வருகிறவர் அவர். கத்ரி தட்சிண கன்னடத்துக்காரர், 1949-ல் பிறந்தவர், அப்பா தனியப்பா நாகஸ்வர வித்வான். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸைக் கேட்டு ஆசைப்பட்டு, மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும் பிறகு சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் கற்றார். 1994-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பி.பி.சி. ப்ராம்ஸ் கச்சேரி, அதே ஆண்டு 'டூயட்' படம். படத்தை வைத்து மட்டும் தெரிந்தவர்கள் அவருடைய ராக ஆலாபனையைக் கேட்க வேண்டும்.

கருவியின் சிக்கல் என்ன? புல்லாங்குழலிலும் நாகஸ்வரத்திலும் விரல் நேராகத் துளையின் மேல் இருக்கிறது, பாதி திறக்கலாம், உருட்டலாம். சாக்ஸில் விரலுக்கும் துளைக்கும் நடுவில் கீயும் பேடும். பாதி துளை என்பதே இல்லை. ஆகவே ஜாருவுக்கு இரண்டு வேலை சேர்ந்து நடக்க வேண்டும்: தாடையை முன்கூட்டியே தளர்த்திச் சுதியை இறக்கி வைத்துக்கொண்டு, கீயை மெதுவாக எழவிட்டு, எழும்போது தாடையைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. நேரம் தப்பினால் படிக்கட்டு மாதிரி 'டக்' என்று கேட்கும். சுதியைக் கீழே இறக்குவது சுலபம், மேலே ஏற்றுவது மிகக் கொஞ்சம்தான் முடியும். எனவே ஏறு ஜாரு எதுவானாலும் கீழே இறங்கி நின்றுதான் தொடங்க வேண்டும். மேல் ஸ்தாயியில் நன்றாக வளையும், அடி ஸ்தாயியில் அசையாது.

தோடி காந்தாரம் போன்ற பெரிய கம்பிதத்துக்குத் தாடை மட்டும் போதாது. வீச்சு அரைச் சுரத்தைத் தாண்டும். விரல் அசைவும் சேர வேண்டும். விரல் மட்டும் போட்டால் ட்ரில் ஆகிவிடும், அது கமகம் இல்லை.

குழலோன்:
கட்டைக் கணக்கு எப்படி? ஆல்டோவில் எந்த விரலை ஷட்ஜமாக வைப்பது?

கம்பிதம்:
ஆல்டோவில் சி விரல் பிடித்தால் கேட்பது ஈ ஃப்ளாட், இரண்டரைக் கட்டை. ஏ விரல் ஒரு கட்டை, பி இரண்டு, டி நாலு, ஈ ஐந்து, ஜி ஆறரை.

ஜி-யை ஷட்ஜமாக வைத்தால் கீழே மந்திர சாதாரண காந்தாரம் வரை இறங்கலாம், மேலே தார ஸ்தாயி கைசிகி நிஷாதம் வரை கீகள் இருக்கின்றன. கச்சேரிக்கு அது தாராளம். ஷட்ஜத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைப் பாருங்கள்: பல ஆல்டோக்களில் ஆக்டேவ் கீ போட்ட நடு டி சற்று ஏறி நிற்கும், எல்லாம் திறந்த சி ஷார்ப் சற்று இறங்கி நிற்கும். தம்புராவோடு உட்கார்ந்தால் இது பல்லில் கல் பட்ட மாதிரி கேட்கும். டி-யை ஷட்ஜமாகவோ பஞ்சமமாகவோ வைக்கும் முன் உங்கள் கருவியில் சோதித்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு உலகமும் ஒரே மேடையில் எப்படி நிற்கிறது என்று கேட்க வேண்டுமானால் 2008-ல் வந்த 'கின்ஸ்மென்'. ருத்ரேஷ் மஹந்தப்பாவும் கத்ரியும், இருவரும் ஆல்டோ; கூட கன்யாகுமரி வயலின். யார் எப்போது என்று பிரிக்க சீவாளி சொன்ன முதல் விதியே போதும்: ருத்ரேஷ் நாக்கால் வெட்டித் தொடங்குவார், கத்ரியின் சுரம் கீழிருந்து வழுக்கி வந்து சேரும்.

பேக்பீட் பரணி:
முக்கால் மணி நேரம் ஒரே சுரத்தை மூச்சு விடாமல் ஊதிய கென்னி ஜி பற்றி ஒரு வார்த்தை?

சீவாளி:
மூச்சு விட்டுக்கொண்டேதான் ஊதுவார். கன்னத்தில் காற்றைச் சேர்த்து அதை அமுக்கி வெளியே விடும் அந்த ஒரு நொடியில் மூக்கால் இழுப்பது. ஹாரி கார்னி எலிங்டன் குழுவில் பாரிடோன் சாக்ஸில் செய்தார், ரோலண்ட் கிர்க் மூன்று கருவியை ஒன்றாக வாயில் வைத்துக்கொண்டு செய்தார். தண்ணீர் டம்ளரில் ஸ்ட்ரா வைத்துக் குமிழி நிற்காமல் பழகினால் வரும். அது உத்தி, பாணி இல்லை.

ரீடுக்காரி:
குழலோனின் மவுத்பீஸ் கேள்விக்கு யாரும் இன்னும் முடிவாகச் சொல்லவில்லை. இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்பது என் பதில். முதலில் இரண்டு சோதனை.

மவுத்பீஸை மட்டும் கழற்றி ஊதுங்கள். டெனரில் ஜி-க்கு அருகில் சுரம் வர வேண்டும், ஆல்டோவில் ஏ. அதைவிட நன்றாக மேலே வந்தால் கடிக்கிறீர்கள் என்று அர்த்தம். ஜாஸ்காரர்கள் இதைவிடக் கொஞ்சம் கீழேயே வைத்துக்கொள்வார்கள், அது பரவாயில்லை.

இரண்டாவது, அடி பி ஃப்ளாட் விரலமைப்பைப் பிடித்துக்கொண்டு, விரலை அசைக்காமல், ஆக்டேவ் கீ தொடாமல், தொண்டையும் நாக்கின் பின்பகுதியும் மட்டும் வைத்து மேலே ஏறுங்கள்: பி ஃப்ளாட், அதற்கு மேல் ஸ்தாயி பி ஃப்ளாட், எஃப், பி ஃப்ளாட், டி. சிகர்ட் ராஷெர் 1941-ல் இதற்காகவே ஒரு பயிற்சி நூல் போட்டார். கோல்ட்ரேன், பிரெக்கர் ஒலியின் அடித்தளமும் இதுதான். முதல் மூன்றும் கேட்டவுடன் வந்தால் உங்கள் தொண்டை வேலை செய்கிறது, புது மவுத்பீஸ் உங்களுக்குப் பயன்படும். அடி சுரத்தைக் கேட்டால் இரண்டாவது வருகிறது, இரண்டாவதைக் கேட்டால் மூன்றாவது வருகிறது என்றால் இன்னும் மூன்று மாதம் பழைய பிளாஸ்டிக்கே போதும். தினம் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம், உதடு களைத்தால் மறுபடி கடிக்க ஆரம்பிப்பீர்கள்.

பித்தளைவாயன்:
வாங்குகிற நாள் வந்தால் 5 நட்சத்திரத்திலிருந்து 6 நட்சத்திரத்துக்குள் நில்லுங்கள், ரீட் இரண்டரையிலிருந்து மூன்று. கடைக்குப் போகும்போது உங்கள் சொந்த டெனரையும் பழகிய ரீடையும் கொண்டுபோங்கள், கடைக் கருவியில் ஊதிப் பார்த்து வாங்க வேண்டாம். நுனி விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்க விளிம்பும் ஒரே அகலமாக இல்லாவிட்டால் எந்த ரீட் போட்டாலும் கீச்சிடும். மெட்டல் லிங்கில் இது துண்டுக்குத் துண்டு மாறும், மூன்றை வாங்கி ஊதிப் பார்த்து ஒன்றை எடுக்க விடுகிற கடையாகப் பாருங்கள்.

குழலோன்:
இப்போதுதான் சோதித்தேன். அடி எஃப் பிடித்து ஜி ஷார்ப் அழுத்தினால் பேட் எழுகிறது. முதலில் ஸ்க்ரூட்ரைவர், அப்புறம்தான் கோல்ட்ரேன்.

ரீடுக்காரி:
நகைக்கடைக்காரர் வைத்திருக்கிற சின்ன ஸ்க்ரூட்ரைவர் எடுங்கள், பெரியது போட்டால் திருகின் வாய் தேயும். பழைய திருகு தானாகவே தளர்ந்துகொண்டே இருந்தால் மரையில் ஒரு துளி நகப்பூச்சு விட்டுத் திருகுங்கள், நிற்கும்.